களக்காட்டு மோட்டாரும் காணாமல் போன ஒரு வரியும்

செல்போன் ஸ்டார்ட்டரைப் பற்றிக் கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பம்ப்செட் ரூமில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு கால் அடித்தால் மோட்டார் ஓடும், இன்னொரு கால் அடித்தால் நிற்கும். பதிவு செய்யாத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் கண்டுகொள்ளாது. நாங்குநேரி, களக்காடு, மானூர் பக்கம் விற்ற இப்படியொரு பெட்டி, தன் சொந்தக்காரரையே யாரோ எவரோ என்று ஒதுக்க ஆரம்பித்த விவகாரம் இது. செய்தது பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சின்ன கம்பெனி; பெயர் வேண்டாம். நான் அங்கே சம்பளத்துக்கு இருப்பவன் இல்லை. சிப்போடு நேரடியாகப் பேசும் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாதபோது எனக்கு போன் வரும்.

பெட்டிக்குள் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஏடிமெகா328பி என்ற எட்டு பிட் சிப், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு 2ஜி மோடம், மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டரை இழுக்க ரிலே. கரண்டுக்கு 9 வோல்ட் டிரான்ஸ்பார்மரும், 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும். சொந்தக்காரரின் எண், அவர் மகனின் எண், மோட்டார் கடைசியாக ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா, எத்தனை தடவை ரீஸ்டார்ட் ஆனது என்பதெல்லாம் சிப்பிலேயே இருக்கும் 1024 பைட் ஈஈப்ராமில் கிடக்கும். கரண்ட் போனாலும் அழியாத இடம் அது. அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம்.

புகார் ஒன்றுதான்: கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி எண்ணை மறந்துவிடுகிறது. எல்லா நாளும் இல்லை, எல்லாப் பெட்டியிலும் இல்லை. பங்குனி வெயிலில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். ஆள் படுக்கையிலிருந்தபடி கால் அடிப்பார். ரிங் போகும். மோட்டார் எடுக்காது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடக்க வேண்டியதுதான். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் அவர் பெட்டியே வாங்கினார்.

புகார்கள் எங்கே போய் விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆபீசில் போன் எடுக்கும் பெண், "எண்ணைத் திரும்பப் பதிவு செய்யுங்கள்" என்று வழி சொல்லும். தோட்டக்காரர் செய்வார், பெட்டி வேலை செய்யும். புகாரைப் பதியும் டிக்கெட்டில் "மறுபதிவு செய்யப்பட்டது, முடிந்தது" என்று போட்டு மூடுவார்கள். அப்படி மூடிய டிக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்ந்த பிரச்சினை. ஒன்றில்கூட எந்த ஊர், எந்த நேரம், பெட்டியின் சீரியல் எண் என்ன என்ற விவரம் கிடையாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இருந்தது. கட்டாயக் கட்டம் இல்லை, அதனால் யாரும் நிரப்பவில்லை.

இரண்டு தவறான தடங்கள்

நான் போவதற்கு முன்பே கம்பெனிப் பையன்கள் இரண்டு காரணங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டுமே நிஜமான குறைகள்தான், ஆனால் இந்த வியாதிக்கு மருந்தாகாதவை.

முதலாவது, எண்ணின் வடிவம். அழைப்பவரின் எண் ஒரு நேரம் 91 முன்னொட்டோடு வரும், ஒரு நேரம் வெறும் பத்து இலக்கமாக வரும். முழு எண்ணையும் ஒப்பிட்டால் பொருந்தாது, கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். அதைத் திருத்திப் புதுப் பதிப்பு என்று விற்பனைக்கும் அனுப்பிவிட்டார்கள். புகார் நிற்கவில்லை.

இரண்டாவது, ஈஈப்ராம் தேய்மானம். ஒவ்வொரு இடத்திலும் 1,00,000 தடவை எழுதலாம் என்பது சிப் தயாரிப்பாளரின் கணக்கு. இவர்களுடைய புரோகிராம் கோடு, மோட்டார் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஓடிய நேரத்தை ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 360 தடவை எழுதும். 278 நாளில் லட்சம் தொட்டுவிடும். ஒரு நாள் திருத்தத்தான் வேண்டும், சரி. ஆனால் எண்ணை மறந்த பெட்டிகளில் பல, மாட்டிச் சில வாரம்கூட ஆகாதவை. தேய்வதற்கு இன்னும் காலம் இருந்தது.

துப்பு கிடைத்த இடம்

ஆபீசில் ஆயிரம் தடவை சுவிட்சை அணைத்துப் போட்டாலும் எதுவும் அழியவில்லை. தானாகவே அணைத்துப் போட ஒரு ரிலேவும் டைமரும் கட்டி இரவெல்லாம் ஓடவிட்டிருந்தார்கள். காலையில் பார்த்தால் எண் பத்திரமாக இருக்கும். "எங்க பக்கம் கோளாறே இல்ல சார், கஸ்டமர் ஏதோ செய்றாங்க" என்றான் பொறுப்பில் இருந்த பையன். இன்னொரு கணினியில் சோதனைகளெல்லாம் பச்சை டிக் வாங்கி வரிசையாக நின்றன. திறந்து பார்த்தேன். ஈஈப்ராம் என்ற பெயரில் அங்கே இருந்தது கணினி நினைவகத்தில் ஒரு வரிசை. போட்டதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதற்கு வோல்டேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. சோதனை எழுதுவதைக் குறை சொல்லவில்லை, நானும் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பச்சை டிக் பெட்டிக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை, அந்த வரிசைக்குக் கிடைத்த சான்றிதழ்.

களக்காட்டுக்குப் போனேன். தோட்டக்காரர் பெரியவர். பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடியது, அது வழக்கம்தான். எப்போது இப்படி ஆகிறது அண்ணாச்சி என்று கேட்டேன். "கரண்டு வந்ததும் எல்லா மோட்டாரும் ஒண்ணா எடுக்கும்லா தம்பி, அப்பம் இந்த பல்பு மினுங்கி மங்கும். ரொம்ப மங்குன அன்னைக்குத்தான் இது என்னைய யாருன்னு கேக்குது" என்றார். டிக்கெட் அத்தனையிலும் இல்லாத விவரம் அந்த ஒரு பேச்சில் இருந்தது.

நடப்பது இதுதான். மும்முனை வந்த நொடியில் ஊர் டிரான்ஸ்பார்மரில் தொங்கும் மோட்டார்களெல்லாம் ஆட்டோ ஸ்விட்சில் ஒரே நேரத்தில் கிளம்பும். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். லைன் கடைசியில் இருப்பவருக்கு 230 வோல்ட் 150 பக்கம் இறங்கும். 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அப்போது 6 வோல்ட்கூடத் தராது. டையோடைத் தாண்டி 7805-க்குப் போய்ச் சேரும்போது, அது 5 வோல்ட் தருவதற்குத் தேவையான 7 வோல்ட் உச்சியில் மட்டுமே தொட்டுத் தொட்டுப் போகும். சரியாக அதே நேரத்தில் மோடம் டவரைத் தேட ஆரம்பிக்கிறது. 2ஜி மோடம் ஒவ்வொரு துடிப்பிலும் 2 ஆம்பியர் வரை கேட்கும். அதே நேரத்தில்தான் சிப்பில் இருக்கும் புரோகிராமான ஃபர்ம்வேரும் எழுந்து, "இன்னொரு தடவை ரீஸ்டார்ட் ஆனேன்" என்று ஈஈப்ராமில் எழுதுகிறது. ஒரு பைட் எழுத 3.3 மில்லிநொடி ஆகும். மூன்றும் ஒரே சில நொடிக்குள்.

ஆபீசில் சுவிட்சை அணைத்தால் வோல்டேஜ் சட்டென்று விழுந்துவிடும். ஊரில் அது மெதுவாக இறங்கி, நடுவில் தடுமாறி நின்று, திரும்ப ஏறுகிறது. அந்த நடுப்பகுதியில்தான் சிப் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

திரும்பி வந்து வேரியாக்கில் மாட்டி வோல்டேஜைக் கையால் மெதுவாக இறக்கி ஏற்றினேன். வோல்டேஜை வரைந்து காட்டும் ஸ்கோப்பில் 5 வோல்ட் கோடு மோடத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எண் போயிற்று. முதல் இலக்கம் இருந்த இடத்தில் குப்பை.

டேட்டாஷீட் சொன்னது, மற்றவை சொல்லாதது

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அதுதான் எரிச்சல். அந்தச் சிப்பின் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளரின் விவரப் புத்தகம், 600 பக்கத்துக்கு மேல். அதில் ஈஈப்ராம் பகுதியிலேயே இதற்கென்று ஒரு சிறிய பத்தி இருக்கிறது: வோல்டேஜ் குறைந்தால் எழுதியது கெடலாம், காரணம் இரண்டு, ஒன்று, எழுதுவதற்கே ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும், இரண்டு, வோல்டேஜ் போதாத சிப் கட்டளைகளைத் தப்புத் தப்பாகச் செய்யும், ஆகவே பிரவுன்-அவுட் காவலைப் போட்டுவையுங்கள். வோல்டேஜ் குறித்த அளவுக்குக் கீழே போனால் சிப்பைப் பிடித்து ரீசெட்டில் நிறுத்திவைக்கும் காவல் அது.

அந்தப் பத்தியைக் கம்பெனியில் யாரும் படித்ததில்லை. ஏன் படிக்க வேண்டும்? அவர்கள் பயன்படுத்தியது ஒரு லைப்ரரி, வேறு யாரோ எழுதி வைத்த கோடு. லைப்ரரியின் விளக்கப் பக்கத்தில் லட்சம் தடவை எழுதலாம், 3.3 மில்லிநொடி ஆகும் என்ற இரண்டு தகவலும் இறங்கி வந்திருக்கின்றன. வோல்டேஜ் எச்சரிக்கை இறங்கவில்லை. லைப்ரரியைப் பார்த்து எடுத்த வீடியோக்களில் 3.3 மில்லிநொடியும் போயிற்று. கம்பெனியின் சொந்த ஆவணம் கோடிலிருந்து தானாக உருவாகும் வகை. "சேவ் செட்டிங்ஸ்: செட்டிங்ஸைச் சேவ் செய்யும்." அளவுரு: "செட்டிங்ஸ், சேவ் செய்ய வேண்டிய செட்டிங்ஸ்." இப்படிப் பக்கம் பக்கமாக, பார்க்க அழகான எழுத்துருவில், இடது பக்கம் மெனுவோடு. ஆவணம் நூறு சதவீதம் முழுமை என்று ஒரு கருவி அதற்கு பேட்ஜும் கொடுத்திருந்தது.

இனி அந்த வரி.

பிரவுன்-அவுட் காவல் கோடில் இல்லை. சிப்புக்குள் ஃப்யூஸ் என்ற தனி இடத்தில் மூன்று பிட்டாக இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் சிப்பில் அது 111, அதாவது காவல் கிடையாது. 101 என்றால் 2.7 வோல்ட், 100 என்றால் 4.3 வோல்ட். பெட்டி தயாராகும்போது புரோகிராமர் என்ற கருவியை மாட்டி இதை ஒருமுறை எழுத வேண்டும். பழைய புரோகிராமிங் ஸ்கிரிப்டில் அதற்கு ஒரு வரி இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். வரிக்கு மேலே விளக்கம் எதுவும் எழுதவில்லை. அவருக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. இந்தத் துறையின் பாதித் துயரம் இதுதான்.

அப்புறம் ஸ்கிரிப்டை நவீனப்படுத்தினார்கள். எல்லாம் தானாக ஓடும் பைப்லைன், எல்லாம் புதுப் பதிப்பு. புரோகிராமிங் கருவி ஏவிஆர்டியூடும் புதிதாயிற்று. பழைய வரி எழுதிய மதிப்பு 00000101. அந்த பைட்டில் மேலே உள்ள ஐந்து பிட் பயன்பாட்டில் இல்லாதவை, திருப்பிப் படித்தால் எப்போதும் 1 என்றே வரும். ஆகவே கருவி 11111101 என்று படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றில்லை என்று சரியாகவே குறை சொல்லி நின்றுவிட்டது. செய்ய வேண்டியது அந்த மதிப்பை 11111101 என்று மாற்றுவது மட்டும். ஆனால் தயாரிப்பு மேஜையில் பெட்டிகள் குவிந்துகொண்டிருந்தன. இணையத்தில் தேடினால், "பயப்பட வேண்டாம், அந்தப் பிழையால் ஆபத்தில்லை" என்று பதில். அதுவும் உண்மைதான், பிழைச் செய்தியால் ஆபத்தில்லை. பையன் வரியையே தூக்கிவிட்டான். மாற்றத்தோடு எழுதிய குறிப்பு, அதாவது கமிட் செய்தி: "தோல்வியடையும் படி நீக்கப்பட்டது." ரிவ்யூ செய்தவர் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வெளியே போன ஒவ்வொரு பெட்டியும் காவல் இல்லாமல் போயிருக்கிறது.

பையனை யாரும் திட்டவில்லை, நானும் திட்டவிடவில்லை. அவன் கையில் இருந்த எந்தத் தாளிலும் அந்த வரி எதற்கு என்று இல்லை. எனக்கு வருத்தம் வேறொரு நம்பிக்கையின் மேல்: கோடு இருக்கும் களஞ்சியத்தில் எல்லாம் இருக்கிறது, அதைப் பார்த்தாலே போதும் என்ற நம்பிக்கை. ஃப்யூஸ் அதில் இல்லை. 7805-க்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் அதில் இல்லை. லைன் கடைசியில் இருக்கும் தோட்டம் அதில் இல்லவே இல்லை. வெப் பக்கம் செய்கிறவருக்கு அது பெரும்பாலும் போதும். வாழைத்தோட்டத்தில் ஓடுகிற சாமானுக்குப் போதாது.

திருத்தம், அது கிளப்பிய தலைவலி

பழைய மதிப்பைத் திரும்பப் போட்டால் தீர்ந்ததா? இல்லை. பழைய 101 என்பது 2.7 வோல்ட். அந்தச் சிப் 10 மெகாஹெர்ட்ஸில் ஓட 2.7 வோல்ட் போதும், 20-க்கு 4.5 வேண்டும், இடையில் நேர்கோடு. 16 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 3.78 வோல்ட் வருகிறது. ஆக 2.7-க்கும் 3.78-க்கும் நடுவில் காவல்காரன் தூங்குகிறான், சிப் உளறுகிறது. பழைய பெட்டிகளிலும் எப்போதாவது ஒரு புகார் வந்ததற்கு இது பொருந்துகிறது. போட வேண்டியது 100, அதாவது 4.3.

4.3 போட்டதும் எண் அழிவது நின்றது. பதிலாகப் பெட்டி ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. 4.3 என்பது சராசரி. டேட்டாஷீட்படி சிப்புக்குச் சிப் 4.1 முதல் 4.5 வரை மாறலாம். மோடம் ஒரு இழுப்பு இழுத்தால் 4.5-க்குக் கீழே போய்விடுகிறது, ரீசெட், எழுந்ததும் மோடத்தைத் திரும்ப எழுப்புகிறது, திரும்ப ரீசெட். முன்பு பொய் சொன்ன பெட்டி இப்போது உண்மையைச் சொல்லிச் சண்டை போட்டது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் தோட்டக்காரருக்கு இரண்டும் ஒன்றே.

ஃபர்ம்வேரில் மூன்று மாற்றம் செய்தோம். கரண்ட் வந்ததும் மோடத்தை எழுப்பாமல் வோல்டேஜ் நிலைபெறும் வரை காத்திருப்பது. சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை வைத்துத் தன் சொந்த வோல்டேஜைத் தானே அளக்கலாம், துல்லியம் சுமார்தான், இதற்குப் போதும். ரீஸ்டார்ட் கணக்கை எழுந்த உடனே எழுதாமல் தள்ளிப்போடுவது. எண்களை இரண்டு பிரதியாக, கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் சிஆர்சி சரிபார்ப்போடு வைப்பது. அதோடு, எழுந்ததும் தன் ஃப்யூஸைத் தானே படித்து, கடைசி மூன்று பிட் 100 இல்லையென்றால் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு வேலை செய்ய மறுக்கும் ஒரு சோதனை. இது தயாரிப்பு மேஜைக்கு. இனி எவர் அந்த வரியைத் தூக்கினாலும் பெட்டி மேஜையை விட்டு இறங்காது. ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு மேலே இப்போது காரணம் முழுதாகத் தமிழில் எழுதியிருக்கிறது. ஸ்கிரிப்டில் தமிழா என்று ஒருவர் முகம் சுளித்தார். மேஜையில் வேலை செய்கிற பெண்கள் வாசிப்பது அதைத்தான். புதுப் பெட்டிகளுக்கு 90 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை. 7805-க்கு விடைகொடுத்தாயிற்று.

ஏற்கெனவே வயலில் இருக்கும் பெட்டிகள்தான் பாடாய்ப் படுத்தின. "அப்டேட் தள்ளிவிட்டால் போச்சு" என்றார் முதலாளி. ஃப்யூஸை ஃபர்ம்வேரால் மாற்ற முடியாது. படிக்கலாம், எழுத முடியாது. புரோகிராமரின் ஆறு கம்பியை மாட்டித்தான் ஆக வேண்டும். முதலில் அனுப்பிப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற பழக்கம், பம்ப்செட் ரூம் சுவரில் ஆணி அடித்து மாட்டிய சாமானிடம் செல்லாது. நாங்குநேரி டீலரிடம் ஒரு லேப்டாப்பும், புரோகிராமரை மாட்ட ஊசி வைத்த ஜிக்கும் கொடுத்தோம். அங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது: புது ஃபர்ம்வேரை ஏற்றுமுன் கருவி சிப்பை முழுதாக அழிக்கும், அப்போது ஈஈப்ராமும் சேர்ந்து போகும். அதைக் காப்பாற்ற இன்னொரு ஃப்யூஸ் பிட் இருக்கிறது, அதுவும் தொழிற்சாலையிலிருந்து போடாமலே வருகிறது. எண் மறக்காமல் இருக்கச் செய்கிற வைத்தியமே எண்ணை மறக்கடிக்கும். அதனால் ஜிக்கின் முதல் வேலை ஈஈப்ராமைப் படித்து வைத்துக்கொள்வது, கடைசி வேலை திருப்பி எழுதுவது.

டிக்கெட் படிவத்தில் சீரியல் எண் கட்டாயமாயிற்று. பல்பு மங்கியதா என்று ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறார்கள்.

ராதாபுரம் பக்கம் ஒரு கிணற்றுப் பெட்டி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. எண் அழியவில்லை, ஆனால் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போதே எப்போதாவது ரீசெட் ஆகிறது. என் சந்தேகம் கான்டாக்டர் காயிலின் மேல்; அணையும்போது அது உதைக்கும் உதை ரீசெட் காலில் ஏறுகிறதோ என்று. சரிபார்க்க வழி இருக்கிறது: எதனால் ரீசெட் ஆனது என்பதைச் சிப்பே ரெஜிஸ்டர் என்ற ஒரு குட்டி நினைவிடத்தில் குறித்து வைக்கும். படித்துப் பார்த்தேன், எப்போதும் பூஜ்யம். ஃபர்ம்வேருக்கு முன்னால் எழும் பூட்லோடர் என்ற குட்டி புரோகிராம் முதலில் ஓடி அதைத் துடைத்துவிடுகிறது. அதன் பிந்தைய பதிப்புகள் துடைக்குமுன் அந்தத் தகவலை வேறொரு ரெஜிஸ்டரில் விட்டுச் செல்லும். இது எனக்குத் தெரிந்தது அதன் மூலக்கோடில் இருந்த குறிப்பைப் பார்த்து. இந்தப் பெட்டியில் இருப்பது எந்தப் பதிப்பு என்று கம்பெனியில் கேட்டேன். சர்வரில் தேடிவிட்டு, "அந்த ஃபைல் கோயம்புத்தூர் போனவர் கொடுத்தது சார், பேரு 'பூட் ஃபைனல் புதுசு'ன்னு மட்டும் இருக்கு" என்றான் பையன்.